விசில் அடித்த வாய்

எங்கள் காலனியில் நாங்கள் சில பேர் சேர்ந்து இரவுப் பாடசாலை நடத்துகிறோம். 2023 ஆகஸ்டில் ஒரு நாள், ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன் செல்போனைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேராக நீட்டினான். அவன் வைத்திருந்த ஸ்டேட்டஸ். 'மாமன்னன்' படத்தில் பகத் பாசில் நடித்த ரத்னவேலு நடந்து வருகிறான், திரும்பிப் பார்க்கிறான், பின்னால் ஒரு சாதிப் பெருமைப் பாட்டு ஓடுகிறது. 'செம கெத்து இல்லக்கா?' என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

எனக்குப் பகீரென்றது. 'டேய், அவன் யாருன்னு தெரிஞ்சுதான் வச்சிருக்கியா? நம்ம ஆளு அவன் எதுருல உக்காரக் கூடாதுன்றவன்டா. அவன வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?' என்று கத்திவிட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்: 'நீங்க மட்டும் தேவர் மகன் வசனத்த அப்படியே பேசிக் காட்டறீங்களே, அது மட்டும் சரியாக்கா?'

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்லாமல் போன பதில்தான்.

'தேவர் மகன்' 1992இல் வந்தது. நான் அதைப் பார்த்தது ஐந்தாறு வருஷம் கழித்து, பஞ்சாயத்து டி.வி.யில். டி.வி. அறை ஊருக்குள் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் உள்ளே, நாங்கள் வாசலில். நின்றுகொண்டே பார்த்த படம். சிவாஜியும் கமலும் மழையில் பேசுகிற அந்தக் காட்சியை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது விடுதி அறையில் இரண்டு குரலிலும் பேசிக் காட்டுவேன், தோழிகள் கைதட்டுவார்கள். அறிவுமதி வாசித்தேன், அம்பேத்கர் வாசித்தேன், இயக்கத்துக்கு வந்தேன், அந்தப் படம் தென்மாவட்டங்களில் எந்தச் சாதியின் கொடியாக ஆனது என்று மேடையில் பேசினேன். மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனால், டி.வி.யில் அந்தப் படம் ஓடினால், உட்கார்ந்துவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

இதை நான் தோழர்களிடம் சொன்னதுண்டு. மூன்று விதமாகப் பதில் வரும். முதலாவது, 'சினிமாதானே தோழர், பொழுதுபோக்கு, அதைப் போய்ப் பெரிசு பண்ணுறீங்க' என்பது. இரண்டாவது, 'விஷம் என்று தெரிந்தும் குடிப்பீங்களா, தூக்கி எறிங்க' என்பது. மூன்றாவது பல்கலைக்கழகப் பதில். 'பார்க்கலாம், ஆனால் கட்டுடைத்துப் பார்க்கணும்.' மூன்றையும் நானே அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பொழுதுபோக்குதான் என்றால் அந்தப் பையன் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்து எனக்கு ஏன் வயிறு எரிந்தது? தூக்கி எறிவதென்றால், விசில் என் வாயில் கிளம்புவது என்னைக் கேட்டுக்கொண்டா கிளம்புகிறது? கட்டுடைப்பதோ, விசில் அடித்து முடித்த மறுநாள் காலையில்தான் எனக்கு முடிகிறது.

சினிமா பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது பல்கலைக்கழகம் இல்லை, எங்கம்மா. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். கையெழுத்துக்கு மேல் படிப்பில்லை. சீரியல் பைத்தியம். 'சித்தி' ஓடிய 1999, 2000 வருஷங்களில் எங்கள் தெருவில் டி.வி. கிடையாது. ஊரில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். ஜன்னலைச் சாத்தினால் அன்றைக்குக் கதை அவ்வளவுதான். சில நாள் சாத்துவார்கள். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. அது வந்த அன்றைக்கு அம்மா சொன்னது, 'இனிமே எவன் ஜன்னல் சாத்துவான்?' இலவசம் கொடுத்து மக்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதுகிற நடுத்தர வர்க்க அறிவாளிகளுக்கு இந்த ஜன்னல் கதை தெரியாது.

சொந்த டி.வி. வந்த பிறகு அம்மாவின் வாய் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவரை பேச முடியாதில்லையா. சீரியலில் நாலு மருமகள் நகை போட்டுக்கொண்டு கூடத்தில் நின்று சண்டை போடுவார்கள். அம்மா கேட்பார், 'ஏம்மா, இத்தினி பேரு சாப்ட்ட பாத்திரத்த யாரு கழுவறது? காட்டவே மாட்றான்.' இன்னொரு நாள், 'இவுங்கள்லாம் எப்பதான் வேலைக்குப் போவாங்க?' கேட்டுவிட்டு, மறுநாள் அதே சீரியலுக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு பொங்கலுக்கு 'நாட்டாமை' போட்டான். 1994இல் வந்து தமிழ்நாடே கொண்டாடிய படம். பெண்ணைக் கெடுத்தவனே அவளுக்குத் தாலி கட்ட வேண்டும், அவன் குடும்பத்தைப் பதினெட்டு வருஷம் ஊர் தள்ளிவைக்க வேண்டும் என்று விஜயகுமார் தீர்ப்பு சொல்கிற கட்டம். சின்ன வயதில் அதற்குக் கைதட்டியிருக்கிறேன். கெடுத்தவனோடு காலம் தள்ளுவதுதான் நியாயமா என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: 'பதினெட்டு வருசம் தள்ளி வச்சதுக்கே துப்பாக்கியத் தூக்கறானே. ஒரு தப்பும் பண்ணாத நம்மள எத்தினி வருசமா தள்ளி வச்சிருக்கான்? நாம எத்தினி துப்பாக்கி தூக்கறது?'

படத்தைப் பற்றி அதுவரை நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லவில்லை. யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது, யாரும் உள்ளே விடக் கூடாது என்பது சாதி இந்து சினிமாவுக்குத் தண்டனைகளிலேயே பெரிய தண்டனை. நமக்கோ அது பிறந்த வீட்டு விலாசம். அம்மாவுக்கு இது தெரிந்தது அந்தப் படத்தை வெறுத்ததால் இல்லை. அந்தப் படத்தை ரொம்பப் பிடித்துப்போய், ஒவ்வொரு காட்சியையும் விழுங்குகிற மாதிரி பார்த்ததால்தான் தெரிந்தது.

எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் தமிழில் 'பிம்பச் சிறை' என்று வந்திருக்கிறது. திரையில் ஏழைக்காகச் சண்டை போட்டவரின் ஆட்சி யாருக்குச் சாதகமாக நடந்தது, அப்படியிருந்தும் ஏழைகள் அவரை ஏன் விடவில்லை என்று கேட்ட நூல். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் சிறைக்குள் இருப்பவர்களும் பேசுகிறார்கள் என்பதை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கைதட்டிய கையை மட்டும் எண்ணினால் போதாது. கைதட்டியபடி வாய் என்ன முணுமுணுத்தது என்பதையும் கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ரசிக்கலாம், கூடவே கருத்தும் சொல்ல வேண்டும் என்று முடித்திருப்பேன். அந்தப் பையனின் ஸ்டேட்டஸ் அப்படி முடிக்க விடவில்லை.

மாரி செல்வராஜ் 2023 ஜூனில் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு மேடையில், கமலை வைத்துக்கொண்டே, இந்தப் படம் உருவானதற்கு 'தேவர் மகன்' ஒரு காரணம் என்று சொன்னார். அதில் வடிவேலு நடித்த இசக்கி இங்கே மாமன்னன் ஆகியிருக்கிறான் என்றார். முப்பது வருஷத்துக்கு முந்தைய படத்தின் ஓரத்தில் நின்ற ஒரு ஆள், தனித்தொகுதி எம்.எல்.ஏ.வாகி, கடைசியில் நாற்காலியில் உட்காருகிறான். கருத்துள்ள ரசிகன் என்றால் இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் படம் ஓ.டி.டி.யில் வந்த ஜூலை மாதத்திலேயே என்ன நடந்தது? ஆதிக்க சாதி இளைஞர்கள் ரத்னவேலுவை மட்டும் வெட்டி எடுத்து, தங்கள் சாதிப் பாட்டைப் பின்னால் போட்டு ஊரெல்லாம் பரப்பினார்கள். வில்லன் நாயகன் ஆனான். அவர்களும் ரசிகர்கள்தான். அவர்களுக்கும் கருத்து இருக்கிறது. இயக்குநர் சொன்னதைக் கேட்காமல் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். அம்மாவும் அதைத்தானே செய்தார்? அப்படியானால் அவர்களுக்கும் எங்கம்மாவுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்வியை ரொம்ப நாள் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். 'அவர்கள் ஆதிக்க சாதி, நாங்கள் தலித்' என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஸ்டேட்டஸ் வைத்தவன் எங்கள் பையன். அந்தப் பதில் அவனிடம் செல்லாது.

பிறகு அந்தத் துண்டுப் படத்தையே மறுபடி வாங்கிப் பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு என்ன இல்லை என்று பார்த்தேன். பந்தயத்தில் தோற்ற நாயை அடித்துக் கொன்றது இல்லை. நின்றுகொண்டே இருக்கிற மாமன்னன் இல்லை. குளிக்கப் போய்க் கல்லடி பட்டுச் செத்த பிள்ளைகள் இல்லை. நடையும் பார்வையும் மட்டும் இருக்கிறது. அடிபட்டவர்களை எல்லாம் கத்தரித்துவிட்டால் அடித்தவன் எவனாயிருந்தாலும் கெத்தாகத்தான் தெரிவான். எங்கள் பையனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. எங்கம்மா செய்தது இதற்கு நேர் எதிர். படம் ஏற்கெனவே வெட்டி எறிந்திருந்த ஆளை, பாத்திரம் கழுவுகிற பெண்ணை, தள்ளிவைக்கப்பட்ட தெருவை, அவர் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தார். உட்காரவைத்த பிறகும் படம் பிடிக்கிறதா என்று பார்த்தார். பிடித்தால் பார்த்தார்.

ரசிப்பதில் ஒரு அறம் உண்டென்றால் அது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எனக்குச் சந்தோஷம் வருவது குற்றமில்லை. அந்தச் சந்தோஷத்துக்காக நான் யாரைக் கத்தரித்தேன் என்று எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் குற்றம்.

இந்தக் கத்தரி நம் பக்கத்திலும் இருக்கிறது. 2021இல் 'ஜெய் பீம்' வந்தபோது நாங்கள் காலனியில் கூடி உட்கார்ந்து பார்த்தோம். நான் அழுதேன். லாக்கப் காட்சிகள் வந்தபோது அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் கேட்டதற்கு, 'அடிய இவ்ளோ நேரமாடி காட்டுவாங்க? நமக்குத் தெரியாததா? தெரியாதவனுக்குக் காட்டறான்போல' என்றார். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். 'நம்ம படத்தைப் பற்றி இப்படிப் பேசலாமா, எதிரிக்குத்தான் லாபம்' என்று தோழர்கள் கோபித்துக்கொண்டார்கள். நம் வலியைச் சொல்கிற படத்தில்கூட, அந்த வலியைப் பட்டவள் பார்வையாளராக நினைக்கப்படாமல் போகலாம். அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை என்றால், நாம் அந்த ஊர் வீட்டு ஜன்னலைச் சாத்துகிறோம் என்றுதான் அர்த்தம்.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன்.

அடுத்த வாரம் அவனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நாயைப் பற்றிச் சொன்னேன், நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான். படத்தை முழுசாகப் பார்க்கவில்லை, அந்தத் துண்டை மட்டும்தான் பார்த்ததாகச் சொன்னான். 'தேவர் மகன்ல இசக்கி யாருக்கா?' என்று கேட்டான். கோயில் பூட்டை உடைக்கச் சின்ன எசமானுக்கு உதவியவன், அதற்காகக் கையை வெட்டுக் கொடுத்தவன் என்றேன். 'அவன் வசனம் பேசிக் காட்டுக்கா' என்றான்.

யோசித்துப் பார்த்தேன். சிவாஜி பேசியது வரிக்கு வரி வந்தது. கமல் பேசியது வந்தது. நாசர் பேசியதுகூட வந்தது. கை போய் ஆஸ்பத்திரியில் கிடந்த இசக்கி என்ன பேசினான் என்பது ஒரு வரிகூட எனக்கு வரவில்லை.

பையனின் ஸ்டேட்டஸ் இருபத்துநாலு மணி நேரத்தில் தானாகவே அழிந்துபோயிருந்தது. நான் இருபத்தைந்து வருஷமாக வைத்திருக்கிறேன்.