பதினோரு பைகள்

சென்ற ஆண்டு ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, நான் ஒரு பொய் எழுதினேன். எழுதினேன் என்பதுகூடச் சரியில்லை. திரையில் நான்கு கட்டங்கள் இருந்தன. நிரப்பினேன். தேதி. வந்தவர்கள் ஆறு பேர். நேரம் இரண்டு மணி. பைகள் பதினொன்று. பட்டனை அழுத்தியதும் நன்றி வந்துவிட்டது.

இது நடந்தது அமெரிக்காவில். எந்த மாநிலம் என்பது இங்கே தேவையில்லை. அங்கே நெடுஞ்சாலையில் இரண்டு மைல் நீளத்தை ஒரு குழு ஏற்றுக்கொள்ளலாம். ஆண்டுக்குச் சில தடவை போய் ஓரத்துக் குப்பையைப் பொறுக்க வேண்டும். பதிலுக்கு அரசு ஒரு பலகையில் குழுவின் பெயரை எழுதி நட்டு வைக்கும். இதற்குத் தத்தெடுத்தல் என்று பெயர். தத்துப் போன பிள்ளைக்கு எடுத்தவரின் வம்சப் பெயர் உண்டு, பிண்டம் போடும் கடமையும் உண்டு. இங்கே பெயர் போட்டுக்கொள்வதும் கடமையைச் சுமப்பதும் எடுத்தவரே. சாலை பாட்டுக்குக் கிடக்கிறது. எங்கள் குழு சில தமிழ்க் குடும்பங்கள். அதன் ஒருங்கிணைப்பாளன் நான். மற்றவர்களுக்குக் கடவுச்சொல் ஞாபகம் இருப்பதில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

முன்பு இதெல்லாம் காகிதத்திலும் தொலைபேசியிலும் நடந்ததாம். இப்போது எல்லாம் இணையவழிப் பதிவேடு. வரைபடத்தில் எடுக்கப்படாத துண்டைத் தேடிக் கண்டுபிடிப்பது, ஒவ்வொருவரும் பாதுகாப்புப் படம் பார்த்துவிட்டதாக ஒப்புக்கொடுப்பது, நாள் குறிப்பது எல்லாம் அதில்தான். பைகளையும் கண்ணைப் பறிக்கும் மேலுடுப்புகளையும் அரசுக் கிடங்கில் வாங்கிக்கொள்ள வேண்டும். பொறுக்கி முடித்ததும் பைகளைக் கட்டிச் சாலையோரம் வைத்துவிட்டு, எத்தனை என்று பதிய வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் லாரி வரும். அதாவது எண் வெறும் பெருமைக்காக அல்ல. அன்று இரவு எனக்கு இது தெரிந்திருந்தது, ஆனால் உறைக்கவில்லை.

இதன் தோற்றத்தில் பதிவேடு இல்லை, ஒரு மனிதனின் எரிச்சல்தான் இருந்தது. 1984இல் டெக்ஸாஸ் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் ஜேம்ஸ் எவன்ஸ், தமக்கு முன்னால் போன வண்டியின் பின்தட்டிலிருந்து குப்பை பறப்பதைப் பார்த்தார். அரசே பொறுக்கினால் கட்டுப்படியாகாது என்று ஊர்ச் சங்கங்களைக் கேட்டுப் பார்த்தார். பில்லி பிளாக் என்ற சக அதிகாரி அதை ஒரு திட்டமாக ஆக்கினார். 1985 மார்ச் 9 அன்று டைலர் நகரத்து சிவிட்டன் சங்கம் 69ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு மைலை ஏற்றுக்கொண்டது. அதற்குச் சரியாக இருநூறு வருஷம் முன்பு, 1785இல், கான்ட் நல்ல சித்தம் ஒன்றைத் தவிர நிபந்தனையின்றி நல்லது என்று சொல்ல எதுவுமில்லை என்று நிறுவப் புறப்பட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த ஞாயிறு இரவு நான் கான்ட்டைத்தான் துணைக்கு அழைத்தேன்.

காலையிலிருந்து மழை. ஒவ்வொரு குடும்பமாக வரவில்லை என்று செய்தி அனுப்பிற்று. அந்தப் பருவத்துக் கணக்கை முடிக்க அதுதான் கடைசி நாள். என் வாதம் இப்படி ஓடியது. எங்களுக்கு எண்ணம் இருந்தது. மழை எங்கள் குற்றம் அல்ல. பதிவேட்டுக்கு எண்ணத்தைப் பதிய ஒரு கட்டமில்லை. அதன் ஊமைத்தனத்துக்கு நான் ஒரு எண்ணை இரவல் தருகிறேன், அவ்வளவுதான். நம் போன்றவர்களுக்குக் கணக்குப்பிள்ளையின் மேல் எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு. மனிதனின் உள்ளே நடப்பதே நிஜம், பேரேட்டில் ஏறுவது அதன் சக்கை என்ற எண்ணத்தில் நாம் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறோம். என் பொய்க்கு ஒரு இலக்கிய அந்தஸ்துகூட இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் தொலைபேசி வந்தது. லாரி ஓட்டுகிறவர். வயசான குரல். இரண்டு மைலையும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன், பைகளைக் காணோம், எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று கேட்டார். யாராவது எடுத்துப் போயிருக்கலாம் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஞாயிறு மாலையே வந்திருக்க வேண்டும், நீங்கள் பட்ட பாடு வீணாகிவிட்டது என்றார்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் நான் தனியாகப் போனேன். பீர் டப்பாக்கள், வெடித்த டயரின் கீற்றுகள், சுரண்டிய லாட்டரிச் சீட்டுகள், குழந்தையின் மலம் சுருட்டிய அணையாடை ஒன்று. மழையில் ஊறிய அட்டை எடுக்க எடுக்கப் பிய்ந்தது. குனிந்து நிமிரும்போதெல்லாம் லாரிகளின் காற்று ஆளைத் தள்ளிற்று. மூன்றரைப் பைதான் தேறியது. கட்டி ஓரத்தில் வைத்த பிறகே உறைத்தது: இவற்றை எடுக்க யாரும் வரமாட்டார்கள். பதிவேட்டைப் பொறுத்தவரை இந்தச் சாலை போன வாரமே சுத்தமாகிவிட்டது. புதிதாக ஒரு பதிவு போடலாம் என்றால் தனி ஆளுக்கு அனுமதி இல்லை. செய்யாத வேலைக்கு லாரி வந்தது, செய்த வேலைக்கு வராது. பைகளை என் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக என் குப்பைத் தொட்டியில் போட்டுத் தீர்த்தேன்.

நண்பர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். சிரித்தார். "அதான் போய்ப் பொறுக்கிட்டீங்களே. கணக்குச் சரியாப் போச்சு" என்றார். சரியாகப் போகவில்லை. பதினொன்றில் மூன்றரை போக மீதி ஏழரை என்று குதர்க்கம் பேசவில்லை. அந்தக் கிழவரின் மன்னிப்பை எந்தப் பையில் போடுவது?

இந்தப் பலகை விவகாரத்தில் மிஸௌரி மாநிலத்து வழக்கு ஒன்று உண்டு. 1994இல் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறிக் கூட்டம், செயின்ட் லூயிஸை ஒட்டிய 55ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு துண்டைத் தத்தெடுக்க விண்ணப்பித்தது. அரசு மறுத்தது. வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. ஒரு குழுவின் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக அதை விலக்க அரசுக்கு உரிமையில்லை என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. சட்டமன்றம் அந்தச் சாலைத் துண்டுக்கு ரோஸா பார்க்ஸ் பெயரை வைத்தது. பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த அந்தக் கறுப்பினப் பெண்மணியின் பெயர் தாங்கிய சாலையில் க்ளான் குப்பை பொறுக்க வேண்டும் என்பது ஒரு நல்ல கேலி. ஆனால் கேலியால் பலகையை இறக்க முடியவில்லை. இரவில் யாரோ அதை வெட்டிச் சாய்த்தார்கள். அதுவும் தீர்வல்ல. கடைசியில் 2001இல் க்ளானைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். காரணம் மிக அற்பமானது. அவர்கள் குப்பை பொறுக்க வரவேயில்லை.

நீதிமன்றத்தாலும் சட்டமன்றத்தாலும் அரிவாளாலும் ஆகாததை ஒரு காலிக் கட்டம் செய்தது. எவனுடைய நெஞ்சுக்குள்ளும் எட்டிப் பார்க்கத் தெரியாத பதிவேடு அது. உன் கொள்கை என்ன, எண்ணம் என்ன என்று அது கேட்கவில்லை. பொறுக்கினாயா என்று மட்டும் கேட்டது. அதன் ஊமைத்தனம் என்று நான் இளக்காரமாக நினைத்ததுதான் அதன் நியாயமாக இருந்திருக்கிறது. அது எண்ணத்துக்குக் கட்டம் வைத்திருந்தால் க்ளான் அதைத்தான் முதலில் நிரப்பியிருக்கும், எங்களைவிட அழகாக. அங்கே வராதவர்களின் கட்டம் காலியாகக் கிடந்தது, அந்த அளவில் அது சத்தியம். இங்கே வராத என் கட்டம் பதினொன்று என்றது.

நம் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு விட்ட ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதியிருக்கிறார்கள். கல்லில் ஏறிய ஆடு சாகாது, கிழடும் ஆகாது. நான் இதை முதலில் ஒரு கவித்துவமான கற்பனை என்று ரசித்திருந்தேன். அது ஒரு கணக்கு நிபந்தனை. ஆடு செத்தால் இடையன் எண்ணிக்கையை நிரப்பியாக வேண்டும், நெய் குறையக் கூடாது. கல் அவன் மனசைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நானோ இல்லாத ஆட்டைக் கல்லில் ஏற்றிவிட்டு, விளக்கு எரியும் என்று இருந்தவன்.

இந்த வருஷம் மார்ச்சில் பழைய பதிவைத் திருத்தப் பதிவேட்டைத் திறந்தேன். நேராகத் திருத்த வழியில்லை, கோரிக்கை அனுப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் தேர்ந்துகொள்ள மூன்று இருந்தன: தட்டச்சுப் பிழை, தேதித் தவறு, இருமுறைப் பதிவு. நான்காவதாக மற்றவை. தட்டச்சுப் பிழையில் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மற்றவை என்பதை அழுத்தி, பை ஒன்றும் இல்லை என்று மட்டும் எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. மற்ற ஐந்து பேரின் பெயரும் அந்தப் பலகையில் தொங்குகிறது.

இரண்டு நாளில் திருத்திவிட்டார்கள். கேட்டதை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இருப்பது: ஆறு பேர், இரண்டு மணி நேரம், பூஜ்யம் பை.