குசினி இடிபடும் நாட்களில்



வீடு திருத்தும் வேலை நம் ஊர்களிலே இப்போது பல வளவுகளில் நடைபெறுகின்றது. பெரும்பாலும் முதலில் இடிபடுவது குசினிதான். கறுத்த சுவரும் வெடித்த மண் அடுப்பும் போய், சீமெந்து மேடையும் ரைல்ஸ் தரையும் எரிவாயு அடுப்பும் வருகின்றன. இதை ஆடம்பரம் என்று சிலர் குறை கூறுவர். அது நியாயமன்று. விறகுப் புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும் என்பது வைத்தியர்கள் சொல்லும் உண்மை. காலமெல்லாம் அடுப்படியில் குனிந்திருந்து கண் கலங்கிய தாய்மாருக்குக் காற்றோட்டமான ஒரு குசினியைக் கட்டிக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை.

ஆனால், அந்த ஐந்தாறு வாரங்களில் குடும்பத்துக்குள் நடப்பது என்ன? விறாந்தையிலே அரிசிச் சாக்கு. திரு இருதயப் படத்துக்குக் கீழே சட்டி பானை. எங்கும் சீமெந்துத் தூசி. முற்றத்திலே மூன்று கல் வைத்த அடுப்பு. மழை வந்தால் அதுவும் இல்லை. காலையில் கடைப் பாண், இரவில் கடைக் கொத்துரொட்டி. தகப்பனுக்குக் கடன் கணக்கு, பிள்ளைக்குப் பரீட்சை, தாய்க்கு உப்புப் போத்தலைத் தேடுவதிலேயே அரைநாள். "நீர்தானே இடிக்கச் சொன்னனீர்" என்று கணவன் சினக்கிறார். "நீங்கள்தானே பெரிசாகக் கட்டுவம் எண்டனீங்கள்" என்று மனைவி பதில் கொடுக்கிறாள். மற்ற நாட்களில் விழுங்கிவிடுகின்ற சொற்கள் அந்நாட்களில் வெளியே வந்துவிடுகின்றன. சுவர் பூசி முடிந்த பின்னும் அச்சொற்கள் மனதிலே கிடக்கின்றன.

அருளப்பர் தமது நற்செய்தியிலே இரண்டு கரி நெருப்புகளைப் பற்றிக் கூறுகின்றார். ஒன்று தலைமைக் குருவின் முற்றத்தில் எரிந்தது (18:18). அங்கே குளிர்காய்ந்து நின்ற இராயப்பர் தம் ஆண்டவரை மறுதலித்தார். மற்றது திபேரியாக் கடற்கரையில் உயிர்த்த ஆண்டவரே மூட்டியது (21:9). அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. கரி நெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலே இவ்விரு இடங்களில் மாத்திரமே வருகின்றது. மறுதலிப்பு நடந்ததும் ஒரு நெருப்பருகில். மன்னிப்புக் கிடைத்ததும் ஒரு நெருப்பருகில்.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். இரவு முழுவதும் உழைத்துக் களைத்து வந்த சீடரை ஆண்டவர் முதலில் உண்ண அழைத்தார். உண்டு முடிந்த பின்னரே, தம்மை அன்பு செய்கிறாயா என்று இராயப்பரிடம் மூன்று முறை கேட்டார். பசித்திருந்தவரிடம் அவர் கணக்குக் கேட்கவில்லை. அங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை. மணலிலே ஒரு நெருப்பு மாத்திரமே. அதுவே போதுமாயிருந்தது.

நமக்கும் இது தெரியாததல்ல. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, மர நிழலிலே மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சி, உள்ளதைப் பங்கிட்டுக் குடித்த குடும்பங்கள் எத்தனை! குசினி இல்லாத அந்நாட்களிலும் குடும்பம் இருந்தது. இன்று குசினி கட்டுகின்ற நாட்களில் குடும்பம் உடையலாமா?

ஆகவே, மூன்று காரியங்களை உங்கள் சிந்தனைக்கு வைக்கின்றேன்.

முதலாவது, செலவைக் கணக்கிடுங்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தார் (லூக்காஸ் 14:28). அயல் வீட்டுக் குசினியைப் பார்த்து அளவெடுக்க வேண்டாம். வெளிநாட்டிலே இரவு வேலை செய்து தம்பி அனுப்பும் காசு, அவனுடைய நித்திரையின் விலை என்பதை மறக்கவேண்டாம். மேடையின் உயரத்தையும் யன்னலின் இடத்தையும் சமைக்கிறவளிடமே கேளுங்கள். விறகடுப்புக்கும் ஒரு மூலை விடுங்கள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிவாயுவுக்கு வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பி, முற்றத்தில் விறகு மூட்டியதைப் பலரும் அறிவீர்கள். அந்த மூலையிலே உங்கள் ஆச்சியின் மனமும் ஆறும்.

இரண்டாவது, வேலையாட்களின் கூலி. அன்றாடக் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுக்கவேண்டும் என்பது மோயீசன் வழியாக வந்த கட்டளை. கொடாத கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாகப்பர் எழுதுகிறார் (5:4). மேசனுக்கும் ஓடாவியாருக்கும் உங்களுக்குக் குறைபாடு தோன்றினால் நேரே சொல்லுங்கள். கூலியைப் பிடித்து வைத்துப் பேசாதீர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் தேநீர் வீட்டாரின் கோப்பையிலேயே போகட்டும். வேலைக்கு வந்தவருக்கு வேறு குவளை வைக்கும் வழக்கம் எந்தக் கத்தோலிக்க வீட்டிலாவது இன்னும் ஒளிந்திருந்தால், சுவருக்கு முன்னர் அதை இடித்துவிடுங்கள். நாம் வணங்கும் நாதரை வளர்த்த சூசையப்பரும் கைத்தொழிலாளியே.

மூன்றாவது, நாளுக்கு ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள். முற்றத்து அடுப்பைச் சுற்றி இருந்து புட்டும் சம்பலும் உண்பது குறைவானதல்ல. தாய் தனியே அல்லற்பட, மற்றவர்கள் கைபேசியோடு மூலைக்கு மூலை இருப்பதுதான் குறை. தகப்பன் தண்ணீர் அள்ளட்டும். மகன் தேங்காய் துருவட்டும். ஏசவேண்டியது ஏதும் இருந்தால், ஆண்டவர் செய்ததுபோல, உண்ட பின்னர் அமைதியாகப் பேசுங்கள். படுக்குமுன் ஒரு பத்து மணியாவது செபமாலை சொல்லுங்கள். 1964ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. அத்திருச்சபையிலே ஒன்றாய் இருந்து உண்ணும் உணவும் ஒரு புனித காரியமே.

வேலை முடிந்ததும் சுவாமியாரை அழைத்துப் புதிய குசினியை மந்திரிப்பீர்கள், பால் காய்ச்சுவீர்கள். அன்று அந்தக் கட்டடத்திலே உழைத்தவர்களையும் பந்தியில் இருத்துங்கள். அந்த வாரங்களில் யாருடன் கடுஞ்சொல் பேசினீர்களோ, அவருக்கு உங்கள் கையாலேயே முதற் கோப்பையைக் கொடுங்கள்.

கடற்கரையிலே தம் சீடருக்கு உணவு ஆயத்தம் செய்த ஆண்டவர், நம் அடுப்புகளின் அருகிலும் எழுந்தருளி, பிரிந்த மனங்களை ஒன்றாக்குவாராக. ஆமென்.