ஊர்ச் சேனலில் தேர்: திரையில் காண்பது தரிசனமாகுமா?

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் உள்ளூர்த் தொலைக்காட்சி கேபிளோடு பிறந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கினாலும், கொங்கு நாட்டு வீடுகளுக்குத் தெளிவான படம் கிடைத்தது கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பிய பிறகுதான். 1990களில் வெள்ளகோவில், காங்கயம் போன்ற சாலையோர ஊர்களிலும் கேபிள் பரவியது. மாடியில் இரண்டு மூன்று டிஷ், கீழே ஓர் அறையில் மாடுலேட்டர்கள், மின்கம்பத்துக்கு மின்கம்பம் இழுத்த வயர். நிலையம் என்பது இவ்வளவுதான். 1995இல் கேபிள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆபரேட்டர்கள் ஒரு சேனலைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். பகலில் சினிமா, அடியில் ஓடும் எழுத்தில் காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, ஆடித் தள்ளுபடி. நோன்பு சாட்டினால் கோயில்.

கோயில் திரைக்கு வந்தபோது பழைய கேள்வி ஒன்றும் கூடவே வந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் தீபாராதனை தரிசனமா, வெறும் படமா? 1987இல் ராமாயணத் தொடர் ஓடியபோதே டிவி பெட்டிக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தியவர்கள் உண்டு. ஆனால் அது நாடகம்; நடிகருக்குக் காட்டிய பக்தி. ஊர்ச் சேனலில் தெரிவது அந்த ஊர்ச் சாமி, அந்த நாளின் அலங்காரம். கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது.

மற்றச் சமயங்கள் இதற்குத் திட்டமான விடை வைத்திருக்கின்றன. நோயில் கிடந்த புனித கிளாரா, தான் போக முடியாத திருப்பலியைத் தன் அறையிலேயே கண்டதாக மரபு. அதனால் 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். ஆயினும் திரையில் பார்த்த பூசை ஞாயிறு கடமையை நிறைவேற்றாது. நோயாளிகளுக்கு அந்தக் கடமையே இல்லை. இஸ்லாமிய அறிஞர்களில் பெரும்பாலோர் ஒலிபரப்பைப் பின்பற்றி வீட்டில் தொழுவதை ஜும்ஆவாக ஏற்பதில்லை. ஒன்றில் நற்கருணை, மற்றொன்றில் தொழுகை வரிசை; இரண்டுக்கும் உடல் அங்கே இருக்க வேண்டும். கோயில் வழிபாட்டிலோ காண்பதுதான் நடுநாயகம். ஆகவே விடை அத்தனை எளிதல்ல.

தூரத்திலிருந்து கண்டவர்களைப் பக்தி மரபு தாழ்த்தவில்லை. திருப்புன்கூரில் வெளியே நின்ற நந்தனாருக்காக நந்தி விலகியது. உடுப்பியில் கனகதாசர் பார்த்த பலகணி இன்றும் வழிபடும் இடம். திருநின்றவூர்ப் பூசலார் ஒரு செங்கல்லும் வைக்காமல் மனத்திலேயே கோயில் கட்டினார். பல்லவ மன்னன் காஞ்சியில் எழுப்பிய கற்றளிக்கு முன்பாக இறைவன் அங்கே எழுந்தருளினார் என்கிறது பெரியபுராணம். இந்தக் கதைகளை வைத்துத் திரைக்கு வக்காலத்து வாங்குவது சுலபம். ஆனால் நந்தனார் நின்ற இடத்திலிருந்து சந்நிதி வரை ஒரே வெளி. திரையில் இடையே ஒளிப்பதிவாளரின் தேர்வு நுழைகிறது. எதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைப் பக்தர் முடிவு செய்வதில்லை.

நேரலைக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரியது. குடமுழுக்கு குறித்த லக்னத்தில் நடப்பது. கலசத்தில் நீர் விழும் அந்த நொடிக்காகத்தான் ஊரே அண்ணாந்து நிற்கிறது. நேரலையில் பார்ப்பவருக்கு இடம் மட்டும் விலகியிருக்கிறது, நேரம் ஒன்றே. மறுநாள் மறுஒளிபரப்பில் நேரமும் போய்விடுகிறது. அது சுவரில் மாட்டிய சாமி படத்துக்கு நிகர். அந்தப் படத்தையும் கும்பிடலாம், ஆனால் யாரும் அதைக் குடமுழுக்குக் கண்டதாகச் சொல்லமாட்டார்கள்.

சைவ சித்தாந்தத்தில் இறைவன் எங்கும் நிறைந்தவன், அவன் பார்வைக்குத் திரை தடையாகாது. குறை பக்தர் பக்கத்தில். அலகிடுதல், மெழுகுதல், பூத்தொடுத்தல், விளக்கேற்றுதல் என்று சரியை முழுவதும் கைகால் வேலை. டிவி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். கற்பூரச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள முடியாது. பார்வை கிடைக்கிறது, பணி கிடைப்பதில்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு 2020 மே 4 அன்று அமைந்தது. ஊரடங்கில் மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் நேரலையாக மட்டும் காட்டப்பட்டது. திருமாங்கல்யம் ஏறிய நேரத்தில் பெண்கள் வீட்டிலிருந்தபடி தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். காட்சியோடு கைவேலையும் சேர்ந்தது. தரிசனத்துக்கு மிக அருகே திரை வந்த தருணங்களில் இதையே முதலில் சொல்ல வேண்டும்.

வெள்ளகோவிலில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முனை உண்டு. அங்குள்ள வீரக்குமார சுவாமி கோயிலுக்குள் பெண்கள் செல்வதில்லை. வெளியே நின்று கும்பிடுவதே வழக்கம். உள்ளே கேமரா சென்றால், அந்தக் காட்சியைப் பெண்கள் வீட்டில் பார்க்கலாமா? திரையில் தெரிவது தரிசனமல்ல என்பவருக்கு இதை மறுக்கக் காரணமே இல்லை. மறுப்பவரோ, அது தரிசனந்தான் என்று ஒப்புக்கொண்டவராகிறார். ஊர்களில் இந்த வாதம் பெரும்பாலும் எழாததற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. மூலவரைப் படமெடுக்க அநேகக் கோயில்கள் விடுவதில்லை; கேமரா உற்சவரோடுதான் நடக்கிறது. மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டி வெள்ளகோவிலில் தேர் ஓடுகிறது. தெருவுக்கு வந்த சாமியைப் பார்க்க ஆண், பெண் என்ற கணக்கு கிடையாது.