தக்தீரின் மேல் பழி போடலாமா?

 

சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் மாதத்தில் நாமக்கல் பக்கத்து மஹல்லா ஒன்றுக்கு பயான் செய்யப் போயிருந்தோம். அஸர் நேரம். ஹவுலின் கரையில் வரிசையாக அமர்ந்து ஒளுச் செய்துகொண்டிருந்தோம். நம் பக்கத்தில் இருந்தவர் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர். அறுபதைத் தொடும் வயது. கால் கழுவும்போது சுன்னத்தைப் பேணி, கால்விரல்களின் இடையே சுண்டுவிரலை விட்டுக் கோதினார். கோதிய விரல் சிவந்து வந்தது. "என்ன பாய், இரத்தம் வருகிறதே?" என்று கேட்டோம். குனிந்து பார்த்தவர் நம்மைவிட அதிகமாகத் திகைத்துப் போனார். விரலிடுக்கில் ஆழமான புண். அவருக்கு வலிக்கவே இல்லை.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால் நரம்புகள் கெட்டுப் போகின்றன. சிறு இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. பாதம் மரத்துவிடுகிறது. செருப்பு கடித்தாலும், முள் குத்தினாலும், தகிக்கும் தரையில் கால் வெந்தாலும் செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால்தான் சர்க்கரை நோயாளி தினமும் ஒருமுறையாவது பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் மன்றாடுகிறார்கள். ஐந்து வேளை கால் கழுவும் சமுதாயம் நாம். கழுவுகிறோம், பார்ப்பதில்லை. கழுவிய பின் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பதுமில்லை.

அன்று இஃப்தாருக்குப் பிறகு அவர் மனம் விட்டுப் பேசினார். பதினொரு வருடமாகச் சர்க்கரையாம். நோன்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவாராம். பட்டினி கிடந்தால் சர்க்கரை தானாக இறங்கிவிடும் என்பது அவர் எண்ணம். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. "அத்தாவுக்கும் இதே நோய்தான், காலை எடுத்தார்கள். நமக்கும் இப்படி எழுதியிருக்கிறான். எல்லாம் தக்தீர், ஹஜ்ரத்!" என்று முடித்தார்.

இந்தச் சொல்லைப் பற்றித்தான் இம்மாதம் பேச வேண்டியிருக்கிறது.

தக்தீரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது நடந்ததை எண்ணிப் பாருங்கள். முன்னால் கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஸஹாபாக்களிடம் ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்களே கேட்டுவிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் தந்த பதிலின் கருத்து இது: அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கம்தான் நாம் போகிறோம். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு கரை பசுமையாகவும் மறுகரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தைப் பசுமையில் மேய்ப்பதும் விதிப்படிதான், வறட்சியில் மேய்ப்பதும் விதிப்படிதான் என்று அவர்களுக்கு விளக்கினார்கள். மேய்ப்பவனுக்குக் கண் எதற்கு என்ற கேள்வி அந்த விளக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

சர்க்கரை நோயிலும் எது நம் கைக்கு அப்பாற்பட்டது, எது நம் கையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வழியுண்டு. சென்னை டாக்டர் வி. மோகன் அவர்களும் அவர் குழுவினரும் 2005-ல் நம் நாட்டு மக்களுக்கென்றே ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இரத்தம் எடுக்க வேண்டியதில்லை, நான்கே கேள்விகள். வயது 35-க்குக் கீழ் என்றால் புள்ளி இல்லை, 35 முதல் 49 வரை 20, ஐம்பதிலிருந்து 30. தாய் தந்தையரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எட்டினால் 10. அதிலிருந்து இன்னும் 10 சென்டிமீட்டர் கூடினால் 20. நான்காவது உடல் உழைப்பு. கடும் வேலையும் பயிற்சியும் சேர்ந்து உள்ளவருக்குப் புள்ளி இல்லை, ஏதேனும் ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லாமல் உட்கார்ந்தே பிழைப்பவருக்கு 30. ஆக மொத்தம் நூறு. அறுபதும் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம். உடனே இரத்தம் பார்க்க வேண்டும்.

வயதும் பெற்றோரும் நாம் கேட்டு வாங்கியவை அல்ல. இடுப்பும் உழைப்பும் அப்படியா?

மேலே தொப்பையாகத் தெரியும் கொழுப்பு உள்ளே ஈரலையும் குடலையும் சூழ்ந்து நிற்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்பட மறுக்கிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து, ஒருநாள் களைத்துப் போகிறது. இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவையும் பெரும்பாலும் இதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. நம் நாட்டவரிடம் ஒரு தனிக் குறை உண்டு: கையும் காலும் மெலிந்தே இருக்கும், வயிறு மட்டும் முன்னே நிற்கும். எடை கூடவில்லையே என்று ஏமாந்துவிடுகிறோம். பீடி சிகரெட்டும் இந்த நோய்க்குத் துணை போகிறது என்பதைப் பள்ளிவாசல் சந்தில் நின்று புகைக்கும் சகோதரர்கள் கவனிக்க வேண்டும்.

நாடு முழுவதும் எடுத்த கணக்கு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக அதே டாக்டரின் ஆராய்ச்சி நிறுவனம் எடுத்தது. சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். நோயின் விளிம்பில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். விளிம்பில் நிற்பவர் விழுந்தே தீர வேண்டுமா? இதற்கும் சென்னையிலிருந்தே பதில் கிடைத்திருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் அப்படிப்பட்ட 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் எழுதினார்கள். வழக்கம்போல் விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரமாவது நடந்து, உணவையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நூறு வீட்டில் பதினாறு வீடு! இதைத் தத்பீர் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

நம் சேலம், நாமக்கல் சமவெளியின் சாப்பாட்டையும் கொஞ்சம் பேச வேண்டும். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் அடுப்பங்கரை பிரியவில்லை. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் உண்டு காட்டில் உழைத்த பூமி இது. இன்று மூன்று வேளையும் தீட்டிய வெள்ளரிசி. ஆத்தூரிலிருந்து ராசிபுரம் வரை மரவள்ளிக் கிழங்கு. அதை அரைத்து ஜவ்வரிசியாக்கும் ஆலைகள். அதை விற்றுத் தர 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களை மரவள்ளி எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயிரால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஜவ்வரிசி என்பது அநேகமாக வெறும் மாவுச்சத்து என்பதை, நோன்பு திறந்ததும் பாயசத்தை டம்ளர் டம்ளராகக் குடிக்கும் வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுதானியம் என்று பெயர் வைத்துவிட்டால் எவ்வளவும் உண்ணலாம் என்பதும் தவறு. களியைத் தலையளவு உருண்டை பிடித்து விழுங்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் அதுவும் சர்க்கரையாகத்தான் மாறும்.

வெல்லத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் கெடுதல் இல்லை என்று பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் நம்மிடமே வாதாடினார்கள். இரத்தத்துக்கு அந்த வேற்றுமை தெரியாது. இன்னும் சிலர் பேரீச்சம்பழமும் தேனும் சுன்னத்தான உணவாயிற்றே என்பார்கள். தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டென்று அந்நஹ்ல் சூரா அறிவிப்பதை நாம் நம்புகிறோம். அதற்காக மருந்தைப் படி கணக்கில் குடிப்பார் உண்டா? கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் சில பழங்களால் நோன்பு திறந்தார்கள். அதுவும் கிடைக்காதபோது சில மிடறு தண்ணீரால் திறந்தார்கள். நம்முடைய தட்டில் பழத்தோடு வடை, சமோசா, ரோஸ்மில்க், பிறகு கஞ்சி, தராவீஹ் முடிந்து பரோட்டா! வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன நபியின் உம்மத்து நாம்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு முறையீடு. சஹனில் மீந்த சோற்றை வீணாக்கக் கூடாதென்று கடைசியில் நீங்களே உண்டு முடிக்கிறீர்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பசியில்லாத வயிற்றில் கொட்டுவதும் வீண்விரயமே. உலையில் ஒரு பிடி அரிசியைக் குறைத்துவிடுங்கள். நடப்பது பெண்ணுக்கு அழகல்ல என்று எண்ணாதீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகியோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதலில் அன்னையார் வென்றதும், பின்னாளில் சதை போட்ட பிறகு தோற்றதும் அபூதாவூதில் வந்திருக்கிறது. மொட்டை மாடியாவது இருக்கிறதல்லவா? கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்தோடு போய்விட்டது என்று மறந்துவிடும் பெண்ணுக்குப் பின்னாளில் அது திரும்பி வரும் ஆபத்து அதிகம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சோதனை வேண்டும் என்று சென்னை டாக்டர் வி. சேஷய்யா அவர்கள் விடாமல் வலியுறுத்தி வந்தார்கள். 2007-ல் நம் மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டது.

தொழுகையே போதுமான உடற்பயிற்சி என்று பேசுகிறவர்களும் உண்டு. தொழுகை இபாதத்து, அதை அரை மணி நடைக்கு ஈடாக வைக்க வேண்டாம். ஆனால் பள்ளிக்கு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு. இருநூறு கஜ தூரத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பவர் இரண்டையும் இழக்கிறார்.

இனி நோன்பு. 13 நாடுகளில் 12,000-க்கு மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ரமளானில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து ஆஸ்பத்திரியில் சேர்வது, மற்ற மாதங்களைவிட இரண்டாம் வகை நோயாளிகளிடம் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. ஆகவே நோன்புக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது; சத்து ஏற்றாத ஊசியாலும் முறியாது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. நோன்பில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் உடனே திறந்துவிட வேண்டும். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று அல்பகராவில் அல்லாஹ்வே இடம் கொடுத்திருக்கிறான். குணமாக வழியில்லாதவருக்கு ஃபித்யா இருக்கிறது. இதில் வெட்கம் எங்கே வந்தது? பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை, உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உன்மேல் ஹக்கு உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவரோ திடகாத்திரமான இளைஞர்!

இப்போது சோதனை வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் ஊழியர்கள் வீடு தேடி வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். "எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை" என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் வீடுகள் நம் மஹல்லாக்களில் இருக்கின்றன.

லாரி ஆபீஸ்காரருக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஷவ்வால் மாதத்தில் நலம் விசாரிக்கப் போனோம். மூத்த மகன் நாற்காலி போட்டார். வயது 36; அத்தாவின் ஆபீஸை இப்போது அவர்தான் பார்க்கிறார், காலை முதல் இரவு வரை மேசையின் முன். "அத்தாவுக்கு வந்தது நமக்கும் வரும், ஹஜ்ரத். தக்தீர்" என்றார் அவரும்.

வீட்டில் தையல் மிஷின் இருந்தது. டேப்பை வாங்கி அவர் இடுப்பை அளந்தோம்: 94. வயதுக்கு 20, அத்தாவுக்கு 10, இடுப்புக்கு 10, உட்கார்ந்த வேலைக்கு 30. மொத்தம் 70. "இதில் முதல் முப்பதை நீங்கள் மாற்ற முடியாது. மீதி நாற்பதைப் பாருங்கள்" என்றோம். ஒழுங்காக நடக்கத் தொடங்கினால் பத்து குறையும்; இடுப்பு 90-க்குக் கீழே வந்தால் இன்னொரு பத்து. அறுபதுக்குக் கீழே, ஐம்பதுக்கு வந்துவிடலாம். அவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கட்டிலில் கிடந்த அத்தா, "அம்மாவிடம் கொடு" என்றார்.

டேப் உள்ளே போயிற்று. சற்று நேரம் சத்தமில்லை. திரைக்குப் பின்னாலிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்: "மாமிக்கு 93, மாமா."

மறுநாள் காலை தாயும் மகனும் வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நடந்தே போனார்கள்.