விடுதலை என்னும் சொல்

சொற்களும் மனிதர்களைப் போன்றவையே. இடம் மாறினால் அவற்றின் குணமும் மாறிவிடுகிறது. 'விடுதலை' என்னும் சொல்லை மேடையில் கேட்கும்போது 1947ஆம் ஆண்டு நினைவுக்கு வந்து நெஞ்சு நிமிர்கிறது. சிறைவாயிலில் கேட்டால் கண்கள் பனிக்கின்றன. அதே சொல் பதிவு அலுவலகத்துத் தாழ்வாரத்தில், ஆவண எழுத்தரின் மேசைமீது, முத்திரைத்தாளில் கிடக்கும்போது என்ன பொருள் தருகிறது? நெடுநாளாக நம் மனத்தை உறுத்திவரும் கேள்வி இது.

அங்கே அதற்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். கூட்டுச் சொத்தில் தமக்குள்ள பாகத்தை ஒருவர் மற்றப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுத்துப் பதிந்து தரும் ஆவணம் அது. வாப்பா மௌத்தாகிச் சில மாதங்கள் சென்றிருக்கும். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் பேருந்தில் வந்து இறங்குகிறாள். இனி அச்சொத்தில் தனக்குப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லையென எழுதியிருப்பதை எழுத்தர் ஒரே மூச்சில் படித்து முடிக்கிறார். 'சம்மதம்தானே, அம்மா?' என்று கேட்கிறார்கள். முக்காட்டுக்குள் தலை அசைகிறது. கையொப்பம், பெருவிரல் ரேகை; பகலில் காக்கா வீட்டில் நெய்ச்சோறு; அந்திப் பேருந்தில் அவள் திரும்பிவிடுகிறாள். இத்தகைய பத்திரங்களில் சாட்சிக் கையொப்பம் இட்டவர்களில் நாமும் உண்டு. அந்த நெய்ச்சோற்றை உண்டவர்களிலும் உண்டு. ஆகவே பிறரைக் குற்றஞ்சாட்ட எழுதுவதாக எவரும் கருத வேண்டா.

தமிழில் 'விடு' என்னும் வினைக்கு, முதலில் பிடித்திருக்கும் கை ஒன்று வேண்டும். கூண்டுக்கிளியை விடுகிறோம், மரத்தில் இருக்கும் கிளியை நாம் விடுவதாகச் சொன்னால் கேட்பவர் நகைப்பார். கெடு என்பது கேடு ஆவதுபோல, விடு என்பது முதலெழுத்து நீண்டு வீடு ஆகிறது. அறம், பொருள், இன்பம் என்னும் வரிசையில் நான்காவதாக நம் முன்னோர் வைத்த பேறு அது. நாம் குடியிருக்கும் இடத்துக்கும் அதே சொல்தான் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம்.

அரபு மொழியிலும் இதற்கு இணையான வேர்ச்சொல் ஒன்று உண்டு. 'தலாக்' என்றவுடன் நம் செவிக்கு மணமுறிவு ஒன்றே எட்டுகிறது. கட்டை அவிழ்த்து விடுவதே அவ்வேரின் பொருள்; கட்டவிழ்ந்து மேயும் ஒட்டகத்தையும் அரபியர் அச்சொல்லாலேயே குறித்தனர். மனைவியைப் பிரிவதானால் அழகிய முறையில் பிரியுமாறும், கொடுத்ததைத் திரும்பப் பறிக்காதிருக்குமாறும், துன்புறுத்துவதற்காகப் பிடித்து வைக்காதிருக்குமாறும் அல்பகரா அத்தியாயம் ஆடவனுக்குக் கட்டளையிடுகிறது. விடுகிறவன் வலியவன், ஆகவே இழக்க வேண்டியவனும் அவனே.

அதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல் 'துலகா'. ஹிஜ்ரி 8இல், அதாவது கி.பி. 630இல், மக்கா நகரம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. ஊரைவிட்டுத் துரத்தியவர்கள், உற்றாரைக் கொன்றவர்கள் அனைவரும் எதிரே நின்றனர். பழிவாங்கும் வலிமை முழுவதும் இருந்தும் நாயகம் அவர்கள் அம்மக்களை விட்டார்கள். விடப்பட்ட அவர்களுக்கே துலகா என்று பெயர். மக்காவில் எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) வினவியபோது, அகீல் நமக்கு வீடு எதையும் மிச்சம் வைக்கவில்லையே என்னும் கருத்தில் நாயகம் அவர்கள் மறுமொழி பகர்ந்ததாக ஹதீஸ் உண்டு. வெற்றி பெற்ற ஊரில் கைவிட்டுப்போன வீட்டை அவர்கள் மீட்டுக்கொள்ளவில்லை. மீட்க முடிந்தவர் மீட்காதிருந்தாரே, அந்த விடுதலைக்கு எடை உண்டு.

இப்போது பதிவு அலுவலகத்துக்குத் திரும்புவோம். நம் சகோதரியின் கை எப்போதாவது அந்த நிலத்தைப் பிடித்திருந்ததா? பெற்றோர் விட்டுச்சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் பெண்களுக்கும் அதில் பாகமுண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் ஆயத் விதிக்கிறது. 11ஆம் ஆயத் அளவையும் வகுக்கிறது. வழக்காறு என்னும் பெயரால் பெண்ணை விலக்கி வைத்த பகுதிகளுக்காக 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. அது விவசாய நிலத்தை விட்டுவைத்தது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. இறைமறை கொடுத்தது, நாட்டுச் சட்டமும் கொடுத்தது. ஆனால் குத்தகை நெல் ஒரு மரக்காலேனும் அவள் வீட்டு வாசலுக்குப் போகவில்லை. கைக்கு வராததை அவள் எவ்வாறு விட்டாள்?

'அவளே மனமுவந்து தந்தாள். நாங்கள் கேட்கவே இல்லை' என்பார் சகோதரர். 'நகை போட்டோம், சீர் செய்தோம், கடன்பட்டுக் கரையேற்றினோம்' என்பதும் அவர் வாதம். இவை பொய்யல்ல. ஆனால் வாப்பா தம் வாழ்நாளில் உவந்து தந்தது அன்பளிப்பு. மௌத்துக்குப் பின் வருவது பாகம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்கும் கணக்கு ஷரீஅத்தில் இல்லை. வாப்பா உயிரோடிருக்கும்போதே மகளிடம் எழுதி வாங்குவோரும் உண்டு. அப்போது அவளுக்கு உரிமையே பிறக்கவில்லையாதலால் விடுவதற்கும் எதுவுமில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வீட்டைப் பெண்ணுக்கே கொடுத்து, மருமகனை அங்கு வரவழைக்கும் நல்வழக்கம் இருக்கிறது. அங்கும் வயல், தோப்பு, கடை என்று வரும்போது நிலைமை எப்படி என்பதை அவ்வூரார் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மனமுவந்து என்பதைத்தான் நாம் நின்று நோக்க வேண்டும். மஹரில் ஒரு பகுதியை மனைவி மனமொப்பி விட்டுத்தந்தால் கணவன் அதை உண்ணலாம் என்கிறது மறை. நாணத்தால் தந்தாலும் ஆகும் என்று அது சொல்லவில்லை. சகோதரியின் மனத்தில் இருப்பது என்ன? கணவன் கைவிட்டால் போய் நிற்க ஒரு வாசல். பெருநாளுக்கு அழைக்க ஒரு குரல். தன் மகள் நிக்காஹ்வில் முன்வரிசையில் அமர ஒரு தாய்மாமன். பாகத்தைக் கேட்டால் இவையெல்லாம் போய்விடுமென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவர்களுக்கு நேர்ந்ததை அவள் கண்டிருக்கிறாள். தாய்வீடு நிலைக்க வேண்டுமென்று அவள் வீட்டை விடுகிறாள். இதை விலை என்று சொல்லலாம். விடுதலை என்று எழுத நம் பேனாவுக்குத் துணிவு வந்தது எப்படியோ தெரியவில்லை.

தாமிரபரணிப் பாசனத்து ஊர் ஒன்றில் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். தங்கை வழக்கம்போல 'எனக்கு எதுவும் வேண்டா, காக்கா' என்றபோது அவர் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. வயலை அளந்து, அவள் பாகத்துக்குத் தனிப் பட்டா வாங்கி, அந்தப் போகத்துக் குத்தகை நெல்லோடு அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். 'இரண்டு போகம் உன் கையில் இருக்கட்டும். அப்புறம் வேண்டாமென்றால் சொல்லம்மா' என்றார். இரண்டு போகம் கழிந்து அவள் வந்தாள். வயலைக் காக்காவுக்கே எழுதித் தருவதாகச் சொன்னாள். வாய்க்கால் கரையில் வாப்பா வைத்த இரண்டு தென்னைகளும் அவை நிற்கும் இடமும் மட்டும் தனக்கு இருக்கட்டும் என்றாள். அன்று எழுதப்பட்டது விடுதலைப் பத்திரமன்று, தானப் பத்திரம். எழுத்தர் படித்து முடிக்குமுன் அவளே இரண்டிடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டாள். மறுவாரம் அந்த இரண்டு தென்னைகளுக்கும் தனியே அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டார்கள்.