மழை யாருக்குச் சாக்காகும்?

தொண்ணூறுகளில் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று பாடம் நடத்தி வந்தோம். நம் பகுதியில் உறைபனி விழுந்து வழியடைப்பதில்லை. வாட்டுவன ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதன்பின் வரும் மார்கழிக் குளிருமே. சுபுஹுக்குப் பின் புறப்பட்டால் கரிசல் மண் செருப்பைப் பிடித்திழுக்கும். சுண்ணாம்புக்கல் லாரிகள் சேற்றை வாரியிறைக்கும். நனைந்த உடையோடு வகுப்பில் நுழைந்தால் பாதிப் பிள்ளைகள் வந்திருக்கமாட்டார்கள். “மழை, ஹஜ்ரத்” என்பர் மறுநாள். ஏற்றுக்கொள்வோம். கடும் மழையையும் சேற்றையும் ஜமாஅத்துக்கு வராமைக்குத் தக்க உத்ராக பிக்ஹு நூல்களே ஒப்புகின்றனவன்றோ!

ஆயின் இச்சலுகை எல்லார்க்கும் உண்டா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது மருதையாறு. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் அரியலூரைக் கடந்ததும் அவ்வாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளாயிற்று. வெள்ளம் பாதையை அரித்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயிலில் உறங்குபவன் தன் உயிரைப் பிறர் கையில் அமானிதமாக ஒப்படைத்தவன் அல்லனோ?

அவ்வாண்டு மெஹபூப்நகர் விபத்தின்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் மீண்டும் கடிதம் தந்தார், இம்முறை ஏற்கப்பட்டது. அப்பெருந்தன்மையை நாம் குறைத்துரைக்கவில்லை. எனினும் பொறுப்பேற்றல் இழப்பிற்குப் பின் வருவது. காத்தல் முன்னரே செய்யவேண்டியது. கார்த்திகை மழை சொல்லாமல் வரும் விருந்தாளியுமன்று.

விடுபட்ட பாடத்தை மறுநாள் நடத்தலாம். ஆகவே மாணவனுக்கு மழை காரணமாகலாம். பிறர் உயிரைக் காப்பவனுக்கோ மழைதான் வேலையே. மழைக்காலங்களில் இருப்புப்பாதை நெடுகிலும் விளக்கேந்தி இரவில் நடக்கும் ஊழியர்கள் அத்தகையோர். அவர்களுக்கு உத்ரு இல்லையென்று சொல்லுமுன், நனையாத மேலங்கியும் துணைக்கு ஓராளும் போதிய ஓய்வும் அளித்தோமா என்று கேட்கவேண்டும். அவற்றினும் அரிதானது ஒன்றுண்டு. ஐயத்தின்பேரில் அவர் சிவப்பு விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்த, வெள்ளம் எத்தீங்கும் செய்யாமல் வடிந்துவிட்டால், வீணாகத் தாமதப்படுத்தினான் என்று மேலதிகாரியோ பயணிகளோ அவரை ஏசாதிருத்தல்.