768 பிக்சல் உயரம்

என் மேசையில் இரண்டு 27 அங்குல மானிட்டர்கள். அங்கே உட்கார்ந்துதான் அந்த விண்ணப்பப் படிவத்தை வடிவமைத்தேன். 'சமர்ப்பி' பட்டனையே காணோம்னு புகார் வந்தது. போய்ப் பார்த்தால் 1366×768 லேப்டாப். பழைய 1024×768 திரையின் அதே உயரம். அகலம் மட்டும்தான் வளர்ந்தது. டாஸ்க்பார், பிரவுசர் பட்டைகள், நான் அசையாமல் நிறுத்திய தலைப்பு எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான். பட்டன் அதற்கும் கீழே, ஸ்க்ரோல் போகாத இடத்தில்.

"உங்க ஸ்கிரீன் சின்னதுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா, "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல, சார்" என்றார்.

எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் 'எல்லோரும்' என்று நான் நினைத்தபோதெல்லாம் என் மேசையைத்தான் நினைத்திருக்கிறேன். கண்ணில் படாதவரை மறப்பது எப்போது குற்றமாகிறது?

இப்போதெல்லாம் ஜன்னலைச் சுருக்கிச் சோதிக்கிறேன். இரண்டாவது மானிட்டரை இன்னும் கழற்றவில்லை.